ஒன்பதாவது ஊதல்

கடலைக் காட்டுகிறேன் என்றுதான்
இருபத்திரண்டு மணி நேரம் பஸ்ஸில் கூட்டிவந்தார் நிபால்டோ.
வால்பரைசோவில் இறங்கியபோது
கடல் இருக்கவேண்டிய இடத்தில்
பிழியாத போர்வை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

காலமாவில் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுப்பவள் நான்.
ஈரத்தின் கனம் எனக்குத் தெரியும்.
இது சாயங்காலம்வரை காயாது என்றேன்.
வந்ததும் வராததுமாக ஆரம்பிக்காதே என்றார்.
முதல் சண்டை. மணி எட்டு இருபது.

எலிசெயோவுக்கு ஆறு வயது.
எங்கள் பாலைவனத்தில் பிறந்தவன்,
மழையை டிவியில் பார்த்திருக்கிறான்.
நாக்கை நீட்டி மூடுபனியை நக்கிப் பார்த்து
"உப்பே இல்லை" என்றான்,
கடைக்காரரிடம் சாமானைத் திருப்பிக் கொடுப்பவன் போல.

குன்றின் மேல் இழுத்துச் செல்லும் பெட்டி பழுதாம்.
கதவில் ஒரு காகிதம், காகிதத்தில் ஒரு தேதி,
தேதி போன வருஷத்தது.
படியேறினோம்.
மாய்தே எண்ணிக்கொண்டே வந்தாள். பதின்மூன்று வயது,
இப்போதெல்லாம் எங்களோடு பேசுவதில்லை,
எண்ணுவாள்.
நூற்று அறுபத்திரண்டாம் படியில் ஒருவர்
தோளில் உருளைக்கிழங்கு மூட்டையும் வாயில் சீட்டியுமாக
எங்களைத் தாண்டிப் போனார்.
முன்னூறு டன் லாரி ஓட்டும் என் கணவர்
சுவரில் வரைந்திருந்த திமிங்கிலத்தின்மேல் கைவைத்து
ஓவியத்தை ரசிப்பதுபோல் மூச்சு வாங்கினார்.

மேலே, காட்சி மேடை.
தொலைநோக்கியில் காசு போட்டால்
அதே வெள்ளை பெரிதாகத் தெரிந்தது.
கீழே எங்கோ ஒரு கப்பல் ஊதியது,
பக்கத்து அறையில் யாரோ அலமாரியை நகர்த்துவதுபோல.
"அதோ, அதுதான் கடல்" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை. அவரும்.
நாய் கட்டி வந்த பெண்ணொருத்தி படமெடுத்துத் தந்தாள்:
நாங்கள் நால்வர்,
பின்னால் ஒன்றுமில்லை.
எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரோரம் நின்றே
எடுத்திருக்கலாம்.

மதியம், வறுத்த கிழங்கின்மேல்
இறைச்சியும் வெங்காயமும் முட்டையும் குவித்த ஒரே தட்டு.
இருவருக்கு என்று போட்டிருந்ததை நால்வர் தின்றோம்.
பில்லை அவர் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார்.
நான் உப்பைத் தேடினேன், உப்பு என் முன்னால்தான் இருந்தது.

மார்ச்சுக்குப் பிறகு சுரங்கத்தில் ஆள் குறைக்கிறார்கள்.
இதை அவர் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.
என்னிடமும் சொல்லவில்லை.
கடிதம் சட்டைப்பையில் இருக்கிறது.
துணியை நனைக்குமுன் பையைத் துழாவுவது
என் பிழைப்பு.

பிறகு அந்த டிராலி பஸ்.
எங்கள் நால்வர் வயதையும் கூட்டினாலும் மிஞ்சாத கிழம்,
முக்கிக்கொண்டு திரும்பியது.
திரும்பும்போது கூரையில் படாரென்று ஒரு சத்தம்,
விளக்கணைந்து
நடுத்தெருவில் நின்றுவிட்டது.
கம்பியை விட்டு நழுவிய இரண்டு கழிகளும்
மூடுபனிக்குள்
பூச்சியின் மீசைபோல் ஆடின.

ஓட்டுநர் பருத்த மனிதர். அவசரமே இல்லை.
கையுறை மாட்டி, பின்னால் போய், கயிற்றைப் பிடித்து இழுத்தார்.
தப்பியது. மறுபடி தப்பியது.
ஹாரன்கள். ஏச்சுக்கள்.
நான் பார்ப்பதற்குள் நிபால்டோ இறங்கியிருந்தார்,
யாரும் கூப்பிடாமல்,
இன்னொரு கயிறு அவர் கையில்.
"இடது... இன்னும் இடது... அப்பாடா, விடுங்க!"
நீலமாய் ஒரு பொறி.
உள்ளே விளக்கெரிந்தது.
எலிசெயோ இருக்கையின்மேல் ஏறிக் கைதட்டினான்,
பின்னால் இருந்த பாட்டுக்காரப் பையனும் தட்டினான்.
"பதினோரு நிமிஷம்" என்றாள் மாய்தே,
அப்பாவைப் பார்த்து.
மூன்று நிறுத்தம்வரை அவர்
மின்சாரம் எப்படிப் போய் எப்படித் திரும்புகிறது என்று
கறுத்த உள்ளங்கையை விரித்துக் காட்டிக்கொண்டே வந்தார்.

இரவு, வாடகை அறை. மூன்று கட்டில்.
அவர் படுத்ததும் தூங்கிவிட்டார்.
சட்டையின் மார்பில் கிரீஸ் கறை,
எந்தச் சோப்புக்கும் போகாது.
ஆனாலும் பையைத் துழாவினேன்.
கடிதத்தை எடுத்து,
மேசையில் அவர் மூக்குக்கண்ணாடியின் அடியில்,
காலையில் முதலில் கைபடும் இடத்தில்,
வைத்தேன்.

துறைமுகத்தில் கப்பல் ஊதியது.

"ஒன்பது" என்றது
இருட்டில் மாய்தேயின் கட்டில்.